இல்லத்தில் உயர்தெளிவுத் தொலைக்காட்சி: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

தீபாவளி, கிறிஸ்து பிறப்பு விழா, பொங்கல் என்று அடுத்தடுத்து விழாக்கள் வரும் மாதங்களில், நம் நகரத்துக் கடைவீதிகளில் கூட்டம் மிகுந்து காணப்படும் இடங்களுள் ஒன்று தொலைக்காட்சிப் பெட்டிகள் விற்கும் கடை. சுவர் முழுவதும் வரிசை வரிசையாகத் திரைகள் ஒளிர்கின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது: 'எச்.டி. ரெடி', 'ஃபுல் எச்.டி.', '4 கே'. தந்தை விலையைப் பார்க்கிறார். பிள்ளைகள் அளவைப் பார்க்கிறார்கள். விற்பனையாளரோ இன்னும் பெரிய பெட்டியைச் சுட்டிக் காட்டுகிறார். அரை மணி நேரத்தில் ஒரு மாத வருமானமோ, அதற்கு மேலோ கைமாறிவிடுகிறது. அல்லது பல மாதத் தவணைக்குக் கையெழுத்தாகிவிடுகிறது.

இவ்வாறு வீடு வந்து சேர்ந்த பெட்டியில், கடையில் கண்ட தெளிவு பல வேளைகளில் தென்படுவதில்லை. முகங்கள் மங்கலாகவும், எழுத்துகள் கலங்கலாகவும், மனிதர்கள் சற்றே பருத்தவர்களாகவும் தோன்றுகிறார்கள். "பழைய பெட்டியே தேவலை" என்று பாட்டி சொல்கிறார். பாட்டியின் கண்ணில் குறையில்லை. புதிய பெட்டியிலும் பெரும்பாலும் குறையிருப்பதில்லை. தெளிவான படம் என்பது ஒளிபரப்பு நிலையத்தில் தொடங்கி நம் கண்ணில் முடியும் ஒரு சங்கிலி. அதில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் மற்றவற்றுக்காகச் செலவிட்ட பணம் வீண். இச்சங்கிலியை அறிந்துகொண்டால், புதிதாக வாங்குவோர் தேவைக்கு மேல் செலவிடமாட்டார்கள். ஏற்கெனவே வாங்கியோர் சிறு செலவிலோ, செலவே இன்றியோ தாம் விலை கொடுத்த தெளிவைப் பெறுவார்கள்.

கோடுகளின் கணக்கு

தொலைக்காட்சிப் படம் கிடைக்கோடுகளால் ஆனது. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, நம் நாடு பின்பற்றியது 625 கோடுகள் கொண்ட முறை. அவற்றுள் 576 கோடுகள் மட்டுமே படத்தைத் தாங்கின. 1982-ஆம் ஆண்டு வண்ண ஒளிபரப்பு வந்தபோதும் கோடுகளின் எண்ணிக்கை மாறவில்லை. 2006-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு இல்லந்தோறும் வழங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டிகளும் இதே கணக்கில் அடங்கியவையே. சிறிய திரையில் அக்கோடுகள் நெருக்கமாக அமைந்ததால் படம் நமக்குத் தெளிவாகவே தோன்றிற்று.

இக்கோடுகளை இரட்டிப்பாக்க வேண்டும் என்ற முயற்சி ஜப்பானில் பிறந்தது. டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்ற 1964-ஆம் ஆண்டில், அந்நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. இதற்கான ஆராய்ச்சியைத் தொடங்கியது. பல ஆண்டு உழைப்பிற்குப் பின் 1125 கோடுகள் கொண்ட முறை உருவாயிற்று. 1989-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமும், 1991-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் முதல் எட்டு மணி நேரமும் செயற்கைக்கோள் வழியாக அது ஒளிபரப்பாயிற்று. பதினோராம் மாதத்தின் இருபத்தைந்தாம் நாள் என்பது 1125 என்னும் எண்ணைக் குறிப்பதற்காகத் தேர்ந்துகொண்ட நாள். பின்னர் அமெரிக்காவில் இத்தொழில்நுட்பம் டிஜிட்டல் முறைக்கு மாற்றப்பட்டு, 1998-ஆம் ஆண்டில் ஒளிபரப்பிற்கு வந்தது. நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டு தில்லியில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுகளைத் தூர்தர்ஷன் உயர்தெளிவு முறையில் ஒளிபரப்பியது.

டிஜிட்டல் முறையில் ஒவ்வொரு கோடும் புள்ளிகளாகப் பகுக்கப்படுகிறது. சாதாரண ஒளிபரப்பில் 720-க்கு 576 என்ற கணக்கில் 4,14,720 புள்ளிகள். 'ஃபுல் எச்.டி.' எனப்படும் முழு உயர்தெளிவில் 1920-க்கு 1080 என்ற கணக்கில் 20,73,600 புள்ளிகள். சரியாக ஐந்து மடங்கு. '4 கே' என்பது அதனினும் நான்கு மடங்கு. ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். 32 அங்குலப் பெட்டிகளில் மிகுதியாகக் காணும் 'எச்.டி. ரெடி' என்ற சொல்லுக்கு, உயர்தெளிவு ஒளிபரப்பை ஏற்கவல்லது என்றே பொருள். அத்தகைய திரையில் பெரும்பாலும் 1366-க்கு 768 புள்ளிகளே உண்டு. அதாவது முழு உயர்தெளிவில் ஏறத்தாழப் பாதி.

இப்போது பாட்டியின் குறையைப் புரிந்துகொள்ளலாம். சாதாரண ஒளிபரப்பை முழு உயர்தெளிவுத் திரையில் காணும்போது, ஒரு புள்ளிக்கு வந்த செய்தியைக் கொண்டு ஐந்து புள்ளிகளின் இடத்தைப் பெட்டி நிரப்பவேண்டியிருக்கிறது. ஓர் இலைக்கு வடித்த சோற்றை ஐந்து இலைகளில் பரப்பினால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் அந்தப் படமும் இருக்கும்.

சங்கிலியின் கண்ணிகள்

முதற்கண்ணி அலைவரிசை. தமிழில் பல அலைவரிசைகள் சாதாரண வடிவிலும் எச்.டி. வடிவிலும் தனித்தனி எண்களில் வருகின்றன. நாம் எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறைக்குப் பின், விரும்பும் அலைவரிசையைத் தனியே தேர்ந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு. எச்.டி. வடிவிற்குக் கட்டணம் பொதுவாக மிகுதி. எனவே குடும்பம் உண்மையாகவே விரும்பிப் பார்க்கும் நான்கைந்து அலைவரிசைகளுக்கு மட்டும் அதைப் பெறுவது போதுமானது. ஒரே அலைவரிசைக்கு இரு வடிவிலும் கட்டணம் செலுத்தி வருகிறோமா என்று மாதச் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வதும் நன்று.

இரண்டாம் கண்ணி செட்-டாப் பாக்ஸ். கேபிள் ஒளிபரப்பு 2012-ஆம் ஆண்டு முதல் படிப்படியாக டிஜிட்டல் முறைக்கு மாறியபோது இப்பெட்டி வீடுதோறும் வந்தது. "எங்கள் வீட்டில் டிஜிட்டல் வந்துவிட்டதே, அதுதானே எச்.டி.?" என்று கேட்போர் இன்றும் உளர். டிஜிட்டல் வேறு, எச்.டி. வேறு. சாதாரணத் தெளிவு மட்டுமே தரும் டிஜிட்டல் பாக்ஸ்கள் ஏராளம். பாக்ஸின் முகப்பிலோ அடியிலோ எச்.டி. என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் கேபிள்காரரிடமோ டிஷ் நிறுவனத்தாரிடமோ மாற்றித் தரக் கேளுங்கள். எத்தனை லட்சம் கொடுத்துப் பெட்டி வாங்கினாலும், சாதாரண பாக்ஸிலிருந்து உயர்தெளிவு பிறக்காது.

மூன்றாம் கண்ணி இணைப்புக் கம்பி. எல்லாக் கண்ணிகளிலும் விலை குறைந்தது இதுதான். ஆயினும் பல இல்லங்களில் சங்கிலி அறுந்துபோவது இங்கேதான். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனைகள் கொண்ட பழைய மூவண்ணக் கம்பியில், மஞ்சள் முனை வழியாகவே படம் செல்கிறது. அக்கம்பி உயர்தெளிவைத் தாங்கவல்லதன்று. எச்.டி. பெட்டியும் எச்.டி. பாக்ஸும் எச்.டி. கட்டணமும் இருந்தும், இடையே அந்த மஞ்சள் முனை இருக்குமானால், நாம் காண்பது சாதாரணப் படமே. யானை வாங்கியவர் அங்குசம் வாங்க மறந்த கதை இது. தட்டையான, அகன்ற முனை கொண்ட எச்.டி.எம்.ஐ. கம்பி ஒன்றே படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டுசெல்லும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணக் கம்பியே வீட்டு உபயோகத்திற்குப் போதும். 'தங்க முனை' என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லப்படும் கம்பியால், இரண்டு மூன்று அடித் தொலைவிற்குக் கூடுதலான தெளிவு ஏதும் வந்துவிடாது.

நான்காம் கண்ணி பாக்ஸினுள் இருக்கும் அமைப்பு. கம்பியைச் சரியாகப் பொருத்திய பின்னும், பாக்ஸ் பழைய அளவிலேயே படத்தை அனுப்பிக்கொண்டிருக்கலாம். பாக்ஸின் ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்தி, வீடியோ அமைப்பிற்குச் சென்றால் 576, 720, 1080 என்ற எண்கள் தோன்றும். 1080-ஐத் தேர்ந்துகொள்ளுங்கள். எண்ணுக்குப் பின் வரும் 'ஐ' என்ற எழுத்து, ஒற்றைப்படைக் கோடுகளும் இரட்டைப்படைக் கோடுகளும் மாறி மாறி வருவதைக் குறிக்கும். 'பி' என்பது எல்லாக் கோடுகளும் ஒருங்கே வருவதைக் குறிக்கும். நம் ஒளிபரப்புகளில் 1080 'ஐ' பெருவழக்கு. அங்கேயே திரை வடிவம் 16-க்கு 9 என்று இருக்கவேண்டும். எல்லாம் முடிந்தபின் தொலைக்காட்சியின் ரிமோட்டில் தகவல் பொத்தானை அழுத்தினால், பல பெட்டிகள் தமக்கு வந்து சேரும் படத்தின் அளவைத் திரையின் மூலையில் காட்டும். அங்கு 1080 என்று கண்டால் சங்கிலி முழுமை பெற்றது. 576 என்று கண்டால் எங்கோ ஒரு கண்ணி இன்னும் தளர்ந்திருக்கிறது.

இணையத்தின் வழியாகப் பார்ப்போர்க்குக் கம்பிக்குப் பதிலாக இணைய வேகமே கண்ணி. முழு உயர்தெளிவிற்கு நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் வேகம் இடையறாது கிடைக்கவேண்டும். வீட்டில் மூன்று பேர் கைப்பேசியில் அதே இணைப்பைப் பகிரும் மாலை நேரத்தில் படம் மங்குவது இதனால்தான்.

எத்தனை அங்குலம், எத்தனை அடி?

ஐந்தாம் கண்ணி நம் கண். இதைக் கடைக்காரர் எடுத்துச் சொல்வது அரிது. நல்ல பார்வையுள்ள கண்ணும் ஓர் அளவிற்குக் கீழ்ப்பட்ட நுண்மையைப் பிரித்தறிய இயலாது. திரையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்குத் தொலைவில் அமர்ந்தால், முழு உயர்தெளிவின் நுட்பம் முழுவதும் கண்ணுக்குக் கிட்டும். ஆறு மடங்குத் தொலைவிற்கு அப்பால் அமர்ந்தால், கண் அறியும் அளவிற்குச் சாதாரண ஒளிபரப்பின் கோடுகளே போதும்; உயர்தெளிவின் பயன் அங்கே மிகக் குறைந்துவிடும்.

இக்கணக்கை நம் வீட்டிற்குப் பொருத்திப் பார்ப்போம். 32 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்த அளவு. அத்திரையின் உயரம் 16 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. அதற்கு ஏற்ற தொலைவு நான்கடி முதல் எட்டடி வரை. 43 அங்குலத் திரையின் உயரம் 21 அங்குலம். ஏற்ற தொலைவு ஐந்தரை அடி முதல் பத்தரை அடி வரை. 55 அங்குலத் திரையின் உயரம் 27 அங்குலம்; ஏற்ற தொலைவு ஏழடி முதல் பதின்மூன்று அடி வரை. ஆகவே கடைக்குச் செல்லுமுன், பெட்டி வைக்கும் சுவரிலிருந்து குடும்பத்தார் அமரும் இடம் வரை ஒரு நூலைப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். பத்தடிக்குப் பத்தடி அறையில், சுவரோரம் அமர்ந்து பார்க்கும் குடும்பத்திற்கு 43 அங்குலம் நிறைவான அளவு. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் முதல், 32 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிகளுக்கான சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. இதனால் பெரிய பெட்டிகள் சற்றே எட்டும் தொலைவிற்கு வந்துள்ளன. ஆயினும் வரி குறைந்ததால் அறை பெரிதாகிவிடுவதில்லை.

'4 கே' பெட்டியைப் பற்றியும் இதே நூலைக்கொண்டு முடிவு செய்யலாம். 55 அங்குலத் திரையில் ஏழடிக்கு அப்பால் அமர்ந்திருப்பவருக்கு '4 கே'-க்கும் முழு உயர்தெளிவிற்கும் புள்ளிக் கணக்கில் வேறுபாடு தெரிவதில்லை. பெரிய அளவுகளில் இன்று விற்பனைக்கு வருவன பெரும்பாலும் '4 கே' பெட்டிகளே என்பதால், அவற்றை வாங்குவதில் தவறில்லை. அந்த எழுத்திற்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதுதான் தேவையற்றது.

வீட்டில் அமைக்கும்போது

திரையின் நடுப்பகுதி, அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் அல்லது சற்றே கீழே இருக்கவேண்டும். காலண்டர் மாட்டும் உயரத்தில் பெட்டியை மாட்டினால், முதியோருக்குக் கழுத்து வலிதான் மிஞ்சும். சன்னலுக்கு எதிரே வைத்தால் வெயில் திரையில் பட்டுக் கூசும். சன்னலை ஒட்டிய பக்கச்சுவரே ஏற்றது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், மேசைமீது வைத்த மெல்லிய பெட்டியை அவர்கள் பிடித்து இழுத்தால் சாய்ந்து விழும். சுவரில் உறுதியாகத் திருகிப் பொருத்துவதோ, வாரினால் சுவரோடு பிணைப்பதோ கட்டாயம் செய்யவேண்டிய பாதுகாப்பு.

கடையின் வெளிச்சத்தில் பிற பெட்டிகளை வெல்வதற்காக, திரை மிகுந்த ஒளியோடும் அழுத்தமான நிறத்தோடும் 'விவிட்' அல்லது 'டைனமிக்' என்ற நிலையில் வைக்கப்பட்டிருக்கும். வீட்டிலும் அப்படியே விட்டால் முகங்கள் செம்மண் பூசினாற்போல் தோன்றும். கண்ணும் விரைவில் களைக்கும். 'ஸ்டாண்டர்டு' அல்லது 'சினிமா' என்ற நிலைக்கு மாற்றுங்கள். 'ஷார்ப்னஸ்' என்பதைக் கூட்டினால் தெளிவு கூடும் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அது உருவங்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடிட்டு நம்மை ஏய்க்கிறது. அதைக் குறைத்து வைப்பதே நலம்.

மனிதர்கள் பருத்துத் தோன்றுவதற்குக் காரணம் திரையின் வடிவம். பழைய திரைப்படங்களும் பழைய நிகழ்ச்சிகளும் 4-க்கு 3 என்ற வடிவில் எடுக்கப்பட்டவை. அவற்றை அகன்ற திரை முழுவதும் இழுத்துப் பரப்பினால் ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருத்துவிடுவர். 'ஜூம்' செய்தாலோ தலையும், கீழே ஓடும் எழுத்தும் வெட்டுப்படும். இருபுறமும் கறுப்புப் பட்டையோடு படம் வந்தால் அது குறையன்று; எடுத்தவர் எடுத்தபடியே நாம் காண்கிறோம் என்பதற்கு அதுவே சான்று.

மெல்லிய பெட்டிகளில் ஒலிபெருக்கி பெரும்பாலும் பின்புறமோ அடிப்புறமோ இருப்பதால், பேச்சு தெளிவாகக் கேட்பதில்லை. பாட்டி "என்ன சொன்னான்?" என்று அடிக்கடி கேட்பாராயின், சத்தத்தைக் கூட்டுமுன் ஒலி அமைப்பில் 'ஸ்பீச்' அல்லது 'கிளியர் வாய்ஸ்' என்று இருப்பதைத் தேர்ந்து பாருங்கள்.

மின்சாரத்தையும் மறத்தல் ஆகாது. 80 வாட் இழுக்கும் பெட்டி நாள்தோறும் 5 மணி நேரம் ஓடினால் மாதத்திற்கு 12 யூனிட்; நம் இருமாதக் கணக்கில் 24 யூனிட். வாங்கும்போது நட்சத்திரக் குறியைப் பாருங்கள். செட்-டாப் பாக்ஸ்கள் பல, ரிமோட்டில் அணைத்த பின்னும் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்; இரவில் சுவிட்சையே அணைப்பது நல்ல பழக்கம். இடி மின்னல் வேளையில் சுவிட்சை அணைத்தல் மட்டும் போதாது. மின் பிளக்கையும், டிஷ் அல்லது கேபிள் கம்பியையும், மின்னல் நெருங்கும் முன்னரே கழற்றிவிட வேண்டும்.

முதலில் ஓர் இரவுச் சோதனை

புதிய பெட்டி வேண்டும் என்ற பேச்சு வீட்டில் எழுந்தால், அன்றிரவே மேற்கூறிய கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அலைவரிசை எண் எச்.டி.தானா? பாக்ஸ் எச்.டி.தானா? மஞ்சள் முனையா, எச்.டி.எம்.ஐ. முனையா? பாக்ஸின் மெனுவில் 1080 இருக்கிறதா? நாம் அமரும் தொலைவு எத்தனை அடி? பல இல்லங்களில் பெட்டியை மாற்ற வேண்டியதே இல்லை. கம்பியை மாற்றினால் போதும்.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், அளவை அறை முடிவு செய்யட்டும்; விலையைக் குடும்ப வரவு செலவு முடிவு செய்யட்டும். 'வட்டியில்லாத் தவணை' என்று சொல்லப்பட்டால், எல்லாத் தவணைகளையும், தொடக்கக் கட்டணத்தையும் கூட்டி, ரொக்க விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வரும் மாதத்தில் அத்தவணையும் வந்து நிற்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எச்.டி. அலைவரிசைகளின் மாதக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியின் விலை ஒருமுறை, கட்டணமோ மாதந்தோறும்.

பழைய குழாய்த் திரைப் பெட்டியை விற்றுவிடும் எண்ணம் இருந்தால், ஒரு சொல். அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. அதைத் தெருவில் வருபவரிடம் எடைக்குப் போட்டால், செம்புக் கம்பிக்காக உடைக்கப்பட்டு, அந்த ஈயம் நம் மண்ணிலும் நீரிலுமே வந்து சேரும். மின்னணுக் கழிவுகளைப் பெற அனுமதி பெற்ற நிலையங்களிடமோ, பழையதைப் பெற்றுக்கொள்ளும் கடையிடமோ ஒப்படையுங்கள். நன்றாக ஓடும் பெட்டியானால், அது இல்லாத ஒரு வீட்டிற்குக் கொடுப்பதைவிடச் சிறந்த வழி வேறில்லை.

ஆழமறியாமல் காலை விடாதே என்பது முன்னோர் மொழி. தொலைக்காட்சிக் கடையில் அந்த ஆழத்தை அளக்க ஒரு முழ நூலும், ஒரு மாலை நேரப் பொறுமையும் போதும். அறிந்து வாங்குவோம், உள்ளதைச் செம்மையாக அமைப்போம். குடும்பத்தார் அனைவரும், பாட்டி உள்பட, ஒன்றாக அமர்ந்து தெளிவாகக் காணவும் கேட்கவும் இயலுமானால், அந்தப் பெட்டி எத்தனை அங்குலமாயினும் நம் இல்லத்திற்கு ஏற்ற பெட்டியே.